மெயிலில் வந்த தண்ணீர்

1999இல் அந்தோணி பிரபு காரைக்குடியில் இன்டர்நெட் சென்டர் திறந்த வாரமே, உளவுப் பிரிவுக் காவலர் சேவுகப்பெருமாள் மஃப்டியில் வந்து உட்கார்ந்துவிட்டார். யார் யாருக்கு என்ன எழுதுகிறார்கள் என்று மேலிடத்துக்கு அவர் அறிக்கை அனுப்ப வேண்டும். அவருக்கோ இங்கிலீஷ் வராது. எழுதுகிறவர்களிடமே கேட்டார்.

"கோவிச்சுக்கிறாதீக டீச்சர். என்ன அடிச்சீகன்னு தமிழ்ல சொல்லிட்டா நல்லாருக்கும்."

பவுலின் டீச்சர் மஸ்கட்டில் இருந்த கணவருக்கு எழுதிக்கொண்டிருந்தார். முதலில் எரிச்சல் வந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மனிதர் காத்திருந்ததைப் பார்த்து இரக்கப்பட்டு, கொஞ்சல்களை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னார். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, இப்படியே போனால் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

'வெளிநாட்டுத் தொடர்புள்ள பெண், கலவர அபாயம்' என்று அறிக்கை போனது. மறுவாரமே தெருவைத் தோண்டிப் புதுக் குழாய் போட்டார்கள். அதற்கு முன் பவுலின் கொடுத்த மனுக்களுக்குப் பதில்கூட வந்ததில்லை.

செய்தி பரவியது. ஆத்தங்குடியிலிருந்து பொன்னழகு வந்தார்.

"யாருக்குப்பா அனுப்பணும்?"

"யாருக்கு வேணும்னாலும் அனுப்பலாம்," என்றான் பிரபு. "சார் பார்த்தாப் போதும்."

ஊருக்கு பஸ் வரவில்லை என்றார் பொன்னழகு.

"வரலைன்னா என்ன செய்வீக?" என்று கேட்டார் சேவுகப்பெருமாள்.

"நடந்துதான் போகணும்."

"அப்படி எழுதினா மேல படிக்க மாட்டாக. கொஞ்சம் கோவமாச் சொல்லுங்க."

பொன்னழகு யோசித்தார். "பஸ்ஸை மறிப்போம்."

"பஸ்ஸே வரலைங்கிறீக."

"வந்ததும் மறிப்போம்."

பஸ் வந்தது. சென்டர் வாசலில் கூட்டம் நின்றது. காரைக்குடி கொந்தளிக்கிறது என்று பயந்து மேலிடம் இன்னொரு காவலரையும் அனுப்பியது. வரிசை வேகமாக நகர்ந்ததில் ஜனங்களுக்கு நிம்மதி.

சேவுகப்பெருமாளுக்கு மட்டும் எதுவும் நடக்கவில்லை. மகளுக்குப் பேறுகாலம், நேமத்தான்பட்டிக்குப் போக வேண்டும். கேட்கும்போதெல்லாம் லீவு இல்லை என்றார்கள். ஒரு மத்தியானம் பவுலின் பக்கத்தில் வந்து தயங்கி நின்றார்.

"எனக்கும் ஒண்ணு அடிச்சுத் தாரீகளா?"

டீச்சர் அடித்துக் கொடுத்தார். அறிக்கையைச் சேவுகப்பெருமாளே எழுதினார்: 'சேவுகப்பெருமாள் என்ற நபர் அரசின் மீது கடும் அதிருப்தியில் இருக்கிறார். கவனிக்கப்பட வேண்டியவர்.' வழக்கம்போலக் கீழே கையெழுத்தும் போட்டார்.

நாலாம் நாள் சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைக்கு ஒரு கொசுவலை வாங்கிக்கொண்டு, நேமத்தான்பட்டி பஸ்ஸில் ஏறினார்.