சிமெண்ட் படகில் மெழுகு

எண்ணூர் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் வேலையை விட்ட பிறகும் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. என் கூட்டாளி டில்லிபாபுவை எந்தப் படகிலும் நிரந்தரமாகச் சேர்ப்பதில்லை. இருவரும் சுவர் இடிந்த பக்கமாக ராயபுரத்தின் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் இறங்கி ரம்மி ஆடுவோம். போலீஸ் வராத ஒரே இடம் அதுதான்.

அங்கே விசித்திரமான கல்லறைகள் உண்டு. ஒருவர் தன்னுடையதைத் தானே கட்டி, பிறந்த தேதியை மட்டும் செதுக்கிவிட்டு இன்னும் உயிரோடு இருக்கிறார். நாங்கள் ஆடுவது ஒரு படகின் மேல். சிமெண்டில் செய்த விசைப்படகு. அம்புரோஸ் என்ற படகு டிரைவரின் கல்லறை. புயலில் போனவர். உடல் கிடைக்கவில்லை, உள்ளே லுங்கியும் சட்டையும்தான் என்பார்கள். ஆள் இல்லாத கல்லறை என்பதால் எங்களுக்கு உறுத்தல் இல்லை. தட்டையான மேல்தளம், வெளிச்சத்துக்கு நான்கு மூலையிலும் மெழுகுவர்த்தி.

கல்லறைத் திருநாளன்று மாலை, கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் போனோம். படகின் அருகே ஒரு பெண் கத்தியால் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். டில்லிபாபு பழக்கதோஷத்தில் படகின் மேல் கையை ஊன்றினான்.

"டேய், யார்ரா நீ? அவ தம்பியா?"

"எவ தம்பிக்கா?"

"தெரியாத மாரி கேக்கறான் பாரு. பொண்டாட்டி நான் பெரம்பூர்லேர்ந்து வருஷத்துக்கு ஒருவாட்டி வர்றேன். இங்க படி படியா மெழுகு கீது. எவளோ ஒருத்தி வந்து ஏத்திகினே கீறா. இன்னிக்கே கல்லறை கமிட்டில சொல்லி இத்த இடிச்சிடறேன். அவளே வச்சிக்கட்டும் அவர."

டில்லிபாபு என் விலாவில் இடித்தான். "மாமு, கெளம்பு. பேஜாராய்டும்."

நானும் கிளம்பியிருப்பேன். அதற்குள் அவள் கமிட்டி ஆளைக் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டாள்.

"நாங்கதான்க்கா ஏத்தறோம். ராத்திரில சீட்டு ஆடுவோம்," என்றேன்.

"ஆம்பளைய ஆம்பளை காப்பாத்துவான். போடா."

படகின் கேபினுக்குள் கைவிட்டு, பாலிதீன் கவரில் சுற்றிய சீட்டுக்கட்டை எடுத்தேன். கூடவே பாதி எரிந்த மெழுகுவர்த்திகளும் டில்லிபாபுவின் பீடிக்கட்டும் வந்தன.

அவனுக்கு ஒரு அறை, எனக்கு ஒரு அறை. வந்து நின்ற கமிட்டி ஆளிடம், "ஒண்ணுமில்ல, நீ போ" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். கோபம் போன முகத்தில் வேறெதுவும் வந்து சேரவில்லை.

"அப்ப யாருமே வர்றதில்லையா?"

"இல்லக்கா."

"அவர் தம்பிங்க?"

"நாங்க பாத்ததில்ல."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. டில்லிபாபுதான், "நாங்க வர்றோம்லக்கா" என்றான். அதற்கும் ஒரு அறை வாங்கினான்.

மெழுகு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, தான் கொண்டுவந்த ஒரே மெழுகுவர்த்தியை ஏற்றினாள். கிளம்பும்போது எங்களைப் பார்க்காமலே சொன்னாள்:

"வெக்கங்கெட்டதுங்களா, அவர் மேலயே குந்திகினு ஆடறீங்க. அவருக்கும் ஒரு கை சீட்டு போட்டா இன்னா?"

அடுத்த வாரம் அவருக்கும் சேர்த்து மூன்று கை போட்டோம். அம்புரோஸின் சீட்டை யாரும் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்ட டில்லிபாபுவே அதைப் புரட்டிப் பார்த்தான்.

"ஜோக்கரே ரெண்டு கீது மாமு," என்று புலம்பினான்.