ஐந்து விரல் தடிப்பு

அருவேரா மரத்தைப் பகலில் கண்டால் "நல்லிரவு, அருவேராம்மா" என்று சொல்ல வேண்டும். இருட்டில் கண்டால் "காலை வணக்கம்." நேராகச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. சொல்லாமல் போனால் அதைவிடப் பிடிக்காது. முகம் வீங்கும், கண் மூடிக்கொள்ளும், உடம்பெல்லாம் நீர்க்கொப்புளம். எங்கள் மலைப்பக்கத்தில் பேச்சு வந்த பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். நான் ஒருநாளும் சொன்னதில்லை. இருபது வருஷமாக விறகு வெட்டுகிறேன். ஒரு மரத்துக்குத் தொப்பியைக் கழற்றும் அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை.

என்னோடு வெட்ட வரும் அன்செல்மோ வேறு மாதிரி. ஓடைச்சரிவில் நிற்கும் அந்தப் பெரிய அருவேராவைத் தாண்டும்போதெல்லாம் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணிடம் பேசுவதுபோல் குழைவான்.

"எலாதியோ, நீயும் ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் வாயேன். வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடப்போவுது?"

"மரத்துக்கிட்ட பேசற அளவுக்கு எனக்கு இன்னும் முத்தல. நீ பேசு. பதில் சொன்னா எனக்கும் வந்து சொல்லு."

"சொல்லுவா. ஆனா அவ அவசரப்படறவ இல்ல."

ஜனவரியில் பண்ணைக்காரருக்காக அந்தச் சரிவைத் துப்புரவாக்கினோம். பெரிய மரத்தை அன்செல்மோ தொடவிடவில்லை. அதன் தாழ்ந்த கொப்புகளை மட்டும் நான் கழித்து, மற்றச் சருகுகளோடு குவித்துத் தீ வைத்தேன். அவன் மேட்டுப்பக்கம் ஓடிப்போய் நின்றுகொண்டான். காற்று திரும்பியது. புகை முழுக்க என்மேல்தான். அன்று சாயங்காலம் தொண்டையில் யாரோ துணியைத் திணித்ததுபோல் மூச்சு அடைத்தது. மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் என் முகத்தையே காணோம்.

மினாஸ் ஊர் மருத்துவமனையில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்துக் காப்பாற்றினார்கள். டாக்டர் பெரெய்ரா சின்ன வயதுப் பெண். ஆனாலும் பொறுமையாகப் பேசினாள்.

"இது அலர்ஜி, எலாதியோ. சாபமும் இல்ல, சூனியமும் இல்ல. ஒருத்தருக்கு இறால் ஆகாது. ஒருத்தருக்குப் பூனை, ஒருத்தருக்கு மகரந்தம். தேனீ கொட்டினா உயிரே போறவங்களும் இருக்காங்க. உங்களுக்கு அந்த மரத்தோட பிசின்."

"இருபது வருஷமா ஒண்ணும் செய்யலையே, டாக்டரம்மா?"

"உடம்பு பொறுத்துக்கிட்டே இருக்கும். ஒருநாள் போதும்னு முடிவு பண்ணிடும். அதுக்கப்புறம் மறக்காது. சாகற வரைக்கும் மறக்காது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு ஏனோ அன்செல்மோவின் குரல் கேட்டதுபோல் இருந்தது.

செய்ய வேண்டியதையெல்லாம் சொல்லி அனுப்பினாள். மரத்தின் பக்கமே போகாதே. பட்டுவிட்டால் அந்த நிமிஷமே சோப்புப் போட்டுக் கழுவு. துணியில், கோடாலிப் பிடியில், நாயின் முடியில் கூடப் பிசின் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். எதையும் எரிக்காதே. இன்னொரு தடவை அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் டாக்டரும் கையை விரிக்க வேண்டியதுதான். களிம்பு தடவு, சொறியாதே. இன்றைக்குத் தொட்டது நாளை மறுநாள்தான் வெளியே தெரியும், அதனால் ஏமாந்துவிடாதே என்று அதையும் சொன்னாள்.

எல்லாம் செய்தேன். சட்டை, காலுறை, கையுறை எல்லாவற்றையும் குழிதோண்டிப் புதைத்தேன். கோடாலியை அன்செல்மோவிடம் கொடுத்துவிட்டேன். நாயைக் குளிப்பாட்டிய குளியலில் அது இரண்டு நாள் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. முகம் வடிந்தது. திரும்ப மனுஷனாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இடது கன்னம் எரிந்து விழித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். தடிப்பு. நாலு கோடு மேல்நோக்கி, ஒரு கோடு விலகி. என் கையைத் தூக்கி அதன்மேல் வைக்கப் போனேன், பாதியில் நிறுத்திவிட்டேன். கைதான். யாரோ உள்ளங்கையால் என் கன்னத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

என் மனைவி சுல்மா பின்னால் வந்து நின்றாள். கையில் வெந்நீர்க் கெண்டி.

"அவ உன்ன விடல, கிழவா."

"சும்மா இரு, கிழவி. தலையணை மடிப்பு பதிஞ்சிருக்கு."

"தலையணைக்கு விரல் உண்டா? ஒரே ஒரு தடவ போய்க் கும்பிட்டுட்டு வாயேன். உனக்குக் கோடிப் புண்ணியமாப் போவும்."

"போனா கோடாலியத் திரும்ப வாங்கிட்டுத்தான் போவேன். வேரோட சாய்ச்சிட்டு வருவேன், சொல்லிட்டேன்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அதைப்பற்றி அவள் பேசவில்லை. பேசாதிருந்தது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு பிடரியில். வீங்கி வீங்கி ஒவ்வொரு விரலும் கொப்பு மாதிரி தடித்திருந்தது. நான் வீட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைக்கவில்லை. கதவைச் சாத்தினேன், சன்னல் பலகையைச் சாத்தினேன், படுக்கையை உதறினேன், சுவரைக்கூடத் துடைத்தேன். வேலை போய்விட்டது, வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்து மாத்தே இலைக் கஷாயம் உறிஞ்சிக்கொண்டு, என்னைத் தேடித் தேடித் தொடுகிற ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். மதியத் தூக்கத்தில் ஒருமுறை பிசின் வாசனை வந்தது போலிருந்தது. முகத்துக்கு மேல் ஒரு நிழல். கண்ணைத் திறக்க வலு வரவில்லை. திறந்தபோது யாருமில்லை, நாயும் குரைக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பயந்தேன். நன்றாகவே பயந்தேன்.

மூன்றாவது ஞாயிறு வலது கன்னம். கட்டைவிரல் மூக்கோரம் ஏறி இமைக்குக் கீழே முடிந்திருந்தது. தோல் வெடித்துச் சீழ் கோத்துக்கொண்டது.

டாக்டர் பெரெய்ரா இமையைப் பிரித்துப் பார்த்தாள்.

"திரும்ப எங்க போனீங்க?"

"வாசப்படி தாண்டல. என் அம்மா மேல சத்தியம். ஞாயித்துக்கிழமையானா தானா வருது."

"நீங்க போகலன்னா அது வந்திருக்கு. இந்தச் சீழ் கண்ணுக்குள்ள இறங்கினா கண்ணு போயிடும், எலாதியோ. அடுத்த தடவ அங்கதான். ஞாயித்துக்கிழமன்னா, அதுக்கு முன்னாடி ரெண்டு நாள்ல வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க."

பேருந்தில் வரும்போது யோசித்தேன். சனிக்கிழமை ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமையும் ஒன்றுமில்லை. வெள்ளி மதியம் சுல்மா ஜெபமாலைக்குப் போவாள், நான் தூங்குவேன். அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். சுல்மா கதவை மெல்லச் சாத்தும் சத்தம் கேட்டது. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கோயில் பாதை இடதுபக்கம். அவள் வலதுபக்கம் திரும்பி ஓடைச்சரிவுக்கு நடந்தாள்.

தள்ளித் தள்ளிப் பின்னால் போனேன். கொளுத்துகிற வெயில். ஒரு மாடுகூட வெளியே இல்லை. பாறைக்குப் பின்னால் நின்று, ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். சுல்மா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். உச்சி வெயிலில் தலையைக் குனிந்து, "நல்லிரவு, அருவேராம்மா" என்றாள். பிறகு அந்த மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"அவனுக்குக் கேக்கத் தெரியாது, தாயே. வாய்தான் பெருசு, மனசு பச்சப்புள்ள. அவனுக்காக நான் கேக்கறேன். போதும் விட்டுடு. கண்ணு போயிடும்ங்கறாங்க. உனக்கு ஒரு உடம்புதான் வேணும்னா என்னுத எடுத்துக்க."

பட்டை உரிந்து பிசின் வடிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். எனக்கு வந்த கோபத்தில் கத்தியிருப்பேன். காற்று துளிகூட இல்லை. ஆனாலும் அவள் தலைக்கு மேலிருந்த ஒரு கொப்பு மட்டும் ஆடியது. பறவை ஏதாவது இருந்திருக்கும். குறுக்குவழியில் விழுந்தடித்து ஓடி, அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவள் போகவில்லை, நேராக அறைக்குத்தான் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பிசின் வாசனை கட்டில்வரை வந்தது. முகத்துக்கு மேல் நிழல் விழுந்தது, உதடு முணுமுணுக்கும் சத்தமும் கேட்டது. கை இறங்கியது. என் வலது கண்ணுக்கு மேலே, தோலில் சூடு படும் தூரத்தில் வந்து நின்றது.

மணிக்கட்டைப் பிடித்தேன்.

எழுந்து, அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்த் தொட்டியடியில் நிறுத்தினேன். துணி சோப்பு எடுத்துத் தேய்த்தேன். முழங்கை மடிப்பில் கை போனபோது அவள் சுருங்கினாள். திருப்பிப் பார்த்தேன். சின்னச் சின்னக் கொப்புளம், கோடு கோடாக, மரத்தைக் கட்டிப்பிடித்த இடமெல்லாம்.

"எப்பத்திலேருந்து இது?"

"போன வெள்ளிக்கப்புறம். அவ என்ன ஏத்துக்கிட்டா, கிழவா." அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "அன்செல்மோதான் சொன்னான். வீட்டு ஆளு போய்க் கட்டிப்புடிச்சு மன்னிப்புக் கேட்டு, கைய கழுவாம வந்து தொடணும்னு. கழுவினா மன்னிப்பு போயிடுமாம்."

"மன்னிப்பா? என் கன்னத்துல இருந்தது எது தெரியுமா? என் பிடரியில? இதோ இங்க? உன் கை, சுல்மா. உன் கைதான்."

அவள் ஈரக் கையைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும். மொத ஞாயித்துக்கிழமையே பாத்தேன், என் கை அளவுதான் இருந்துச்சு. என் கைய வச்சுத்தான் அவ உன்னத் தொடறா."

"தெரிஞ்சுமா மறுபடி மறுபடி போன?"

"நான் போகலன்னா வேற யார் கையாலயாவது தொடுவா. என் கைன்னா கொஞ்சம் மெதுவா இருக்கும்ல."

நான் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.