திருகாணி வைத்த பரிசு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் சொந்தக்காரர்களுக்கு அவர் 'திருகாணி'. ரேடியோ, போன், கம்ப்யூட்டர் என்று எது கெட்டாலும் பிரித்துச் சரிசெய்யும் கடையை இருபது வருஷமாக நடத்துகிறார். யாருக்காவது பரிசு வாங்கப் போனால் பொருளைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

"பிரிக்க முடியாதது நம்ம பொருளே இல்ல. உள்ள என்ன ஓடுது, நம்மளப் பத்தி யார்கிட்ட என்ன சொல்லுதுன்னு நமக்குத் தெரியணும்" என்பார். கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார். அவர் வருவதைக் கண்டாலே புதுப் போன் வாங்கியவர்கள் அதைப் பைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். இப்படி வாய் ஓயாத மனிதர், வாயைத் திறந்திருக்க வேண்டிய ஒரே நாளில் மூடிக்கொண்டிருந்தார். அந்தக் கதைதான் இது.

அன்று காலை கடையின் ஷட்டர் பாதிகூட ஏறவில்லை. அக்காவின் கணவர் போன் செய்தார்.

"மச்சான், விளக்கு பேசலையாம்."

"பேசலைன்னா?"

"வேற யாரோ ஒரு பொம்பளை ஏதோ சொல்றாளாம். பாப்பா போன்ல ஒரே அழுகை. நான் டிப்போல இருக்கேன், வண்டி எடுத்தாகணும். நீ கொஞ்சம் போய்ப் பாரு."

அத்தான் பஸ் ஓட்டுபவர். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். அக்கா கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. அவள் போன பிறகும் ஏழு வயது மகளைத் தினமும் காலை ஆறரைக்கு எழுப்பியது அவள்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு. மெல்ல வெளிச்சம் வந்ததும் அவள் குரல் கேட்கும். "எந்திரி தங்கம், பல்லு தேய். சீப்பு ஜன்னல்கிட்ட இருக்கு. பின்னாடி முடியையும் சேர்த்து வாரணும், ஏமாத்தக் கூடாது." திங்கட்கிழமைக்கு ஒன்று, மழை நாளுக்கு ஒன்று என்று படுக்கையில் இருந்தபடியே பேசி வைத்திருந்தாள். எட்டிலிருந்து பதினெட்டு வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்று தனியாக இருந்தது. அந்தந்த நாள் வந்தால்தான் அது பேசும். என்ன பேசினாள் என்று அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. எட்டாவது பிறந்தநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

திருகாணி போய் விளக்கைத் தட்டினார். ஒரு பெண் குரல், எல்லோருக்கும் பொதுவான குரல், சொன்னது: "எங்கள் சேவை நேற்றுடன் நிறைவடைந்தது. இத்தனை நாள் எங்களோடு பயணித்ததற்கு நன்றி."

"மாமா, பொறந்தநாளுக்குப் பேசினது உள்ளேயேதான் இருக்கும்ல? நீங்க பிரிச்சு எடுத்துருவீங்கல்ல?" என்றாள் பாப்பா. மாமாவால் பிரிக்க முடியாதது எதுவுமில்லை என்பது அவளுடைய நம்பிக்கை.

அவர் விளக்கைக் கவிழ்த்துப் பார்த்தார். வழவழவென்றிருந்தது. ஒரு திருகாணிகூட இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, அக்காவின் பிறந்தநாளுக்கு அத்தான் வாங்கிக் கொடுத்தது அது. லீவே எடுக்காமல் வண்டி ஓட்டி, ஆசை ஆசையாக வாங்கினார். அதே நாளில் திருகாணியும் ஒரு பரிசு கொண்டுபோனார். முந்தின வாரமே போனில், "அக்கா, இந்தத் தடவை திருகாணி வெச்ச சாமானாக் கொண்டுவரேன்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். உலகத்தில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. தங்கத் தோட்டுக்கு வெகுநாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொன்னார். அவர் போனபோது அக்கா பழைய தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காதோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள்.

அவர் பைக்குள்ளிருந்து எடுத்ததோ ஒரு மரப்பெட்டி. நான்கு மூலையிலும் நான்கு திருகாணி, நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கிப் பிடித்தால் பதியும், சும்மா ஒரு முறை அமுக்கினால் பேசும். அவரே செய்தது.

"இது எந்தக் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை சொல்லாது. உள்ள இருக்கிறது யார் வேணாலும் பிரிச்சுப் பார்க்கிற கட்டற்ற மென்பொருள், அத்தான்."

"கட்டற்றதுன்னா? பணம் கட்ட வேண்டாமா?"

வீடே சிரித்தது. அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவரும் அசடு வழியச் சிரித்துவைத்தார். விளக்கு கட்டில் பக்கத்துக்குப் போனது, பெட்டி பரணுக்குப் போனது.

அடுத்த வருஷம் அக்காவுக்கு நோய் வந்தது. அவர் பார்க்கப் போன ஒரு மத்தியானம் அவள் விளக்கோடு பேசிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "பன்னெண்டு வயசு வரைக்கும் முடிச்சுட்டேன்டா. இன்னும் ஆறு இருக்கு" என்று சொன்னபோது அவள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

'அக்கா, அதுல பேசாதே. அது உன்னுது இல்ல. அந்தப் பெட்டியை இறக்கித் தர்றேன், அதுல பேசு.' நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சாகப் போகிறவளிடம் போய்த் தன் புராணத்தைப் பாடுவதா என்று வெட்கமாக இருந்தது. முதலிலிருந்து எல்லாவற்றையும் பேசச் சொல்ல மனம் வரவில்லை. "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த இரண்டு வார்த்தைக்காக இப்போது அவருக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

விளக்கைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சூடு காட்டி, பசையை இளக்கி, உடைக்காமல் பிரித்தார். உள்ளே ஒரு சின்னப் பலகை, ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். குரல் எங்கும் இல்லை. தினமும் காலையில் அது கம்பெனியிலிருந்து நெட் வழியாக வந்திருக்கிறது, பேசியிருக்கிறது, போயிருக்கிறது. எட்டு மாதமாக அக்கா அந்த வீட்டில் இருந்ததாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனிக்கு எழுதினார். பதிவுகளை இறக்கிக்கொள்ள இந்த மாதக் கடைசி வரை அவகாசம் உண்டு, மூன்று மாதம் முன்பே அறிவித்தோமே என்று பதில் வந்தது. அறிவித்தது அக்காவின் நம்பருக்கு. அந்த நம்பரை அத்தான் எப்போதோ ரத்து செய்திருந்தார். கணக்கைத் திறக்க, போனுக்கு வரும் ரகசியக் கோட் வேண்டும், அந்தக் கோட் அதே நம்பருக்குத்தான் போகும். சாவுச் சான்றிதழை அனுப்பினார். "பதிவுகளைக் கணக்கின் உரிமையாளர் மட்டுமே கேட்க முடியும். அவருடைய அந்தரங்கத்தைக் காப்பது எங்கள் கடமை" என்று எழுதினார்கள். அக்கா எப்போதோ ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை அவர் முதன்முறையாக உட்கார்ந்து படித்தார். அவள் குரலைத் தங்கள் தயாரிப்புகளை மேம்படுத்த அவர்கள் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அவள் குரல் யாருக்கெல்லாமோ ஆகும், பெற்ற மகளுக்கு மட்டும் ஆகாது.

கடைசியில் அக்காவின் நம்பருக்கே போன் செய்தார். அது இப்போது வேறொரு அம்மாவிடம் இருந்தது. அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒரு கோட் வரும்மா. அதைப் படிச்சுச் சொன்னாப் போதும்."

"செத்தவங்க பேரைச் சொல்லிக்கூட ஏமாத்த ஆரம்பிச்சுட்டீங்களா? வெக்கமா இல்ல? கோட் யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு எனக்கும் தெரியும்."

வைத்துவிட்டார்கள். மறுபடி அழைத்தால் போகவில்லை. அந்த அம்மாவை என்னவென்று குறை சொல்வது? கோட் யார் கேட்டாலும் சொல்லாதே என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாய் கிழியச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். மாதக் கடைசி வந்தது, போனது.

பிறந்தநாளுக்கு முந்தின சாயங்காலம் அத்தானே பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினார். தூசியைத் தன் சட்டையாலேயே துடைத்தார்.

"இதுல ஏதாவது பேசியிருப்பாளா, மச்சான்?"

"இருக்கலாம், அத்தான்."

நான்கு திருகாணியையும் கழற்ற ஒரு நிமிஷம் ஆகவில்லை. பேட்டரியை மாற்றினார். மெமரி கார்டில் ஒரே ஒரு பதிவு இருந்தது. பதினோரு நொடி. பாப்பாவே முதலில் கேட்கட்டும் என்று போட்டுப் பார்க்கவில்லை.

காலையில் அவர் நேரத்தோடு அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தான் அன்று லீவு. பாப்பா தானாகவே எழுந்து, தலையை வாரிக்கொண்டு, கட்டிலில் காத்திருந்தாள். அவர் பெட்டியை அவள் மடியில் வைத்தார். அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

முதலில் அவர் குரல்தான் வந்தது: "பேசு, பேசு, பதியுது." அப்புறம் அக்கா. மூச்சு வாங்காத, நோய் தெரியாத குரல். "அடப்பாவி, தோடுன்னு நெனச்சு ஊரெல்லாம் சொல்லி வெச்சுட்டேனேடா! இந்தப் பொட்டியை எந்தக் காதுலடா மாட்டுறது?" பிறகு அந்தச் சிரிப்பு. சிரிப்பு முடிவதற்குள் பதிவு முடிந்துவிட்டது.

அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாப்பா இன்னொரு முறை அமுக்கிக் கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள். சிரிக்கவில்லை, அழவுமில்லை. பெட்டியைத் திருப்பி, வேறு பொத்தான் ஏதாவது இருக்கிறதா என்று அடியில் பார்த்தாள்.

"மாமா, இது எனக்குச் சொன்னது இல்லையே."

"இல்லம்மா" என்றார் அவர். "எனக்குச் சொன்னது."

அவள் பெட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி அவரிடமே கொடுத்துவிட்டாள்.