பதினேழாம் படம்

லூர்தம்மாள் அந்த நூலைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து கொண்டுவந்தார். என் மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்க்கும்போதே அது எந்த நூல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வீட்டக் காலி பண்றேன் சார். மகன் சித்தையன்கோட்டைக்கே வந்துரும்மான்னுட்டான். பழைய பேப்பர்காரன் இதையும் எடைக்குப் போடச் சொல்றான். அவுக உசுரா வச்சிருந்த புஸ்தகம். என்ன பெறும்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். வர்றத வச்சு அவுக கல்லறைக்கு ஒரு கல்லு போட்டுருவேன். ஒரு வருசமா வெறும் மரச்சிலுவைதான் நிக்குது."

அவுக என்றது, சென்ற ஆண்டு மறைந்த அவர் கணவர் கிளெமென்ட்டை. முப்பத்தைந்து ஆண்டுகள் என் அடுத்த வீட்டுக்காரர். வீட்டு வரைபடம் எழுதிப் பிழைத்தவர். நூறாண்டுக்கு முன் அச்சான அந்தத் திண்டுக்கல் சீமை வரலாறு, அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த அவருடைய பாட்டனார் வழியே அவருக்கு வந்தது. மலைக்கோட்டை, சிறுமலை அடிவாரத்து ஓடை, வாரச் சந்தை, சமவெளிக் கோயில்கள் என்று இருபத்துநான்கு கல்லச்சுப் படங்கள் கொண்டது.

பழைய நூல்கள் வாங்கும் ஒருவர் மதுரையில் எனக்கு அறிமுகம். அவரைக் கைப்பேசியில் அழைத்து, லூர்தம்மாளுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை இயக்கினேன். அற்ப விலை சொல்லமாட்டாரா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"ஐயா, இதுல மூணு பிரதிதான் நான் கண்ணால பாத்திருக்கேன்," என்றார் அவர். "படம் இருபத்துநாலும் இருக்கான்னு எண்ணிச் சொல்லுங்க. முழுசா இருந்தா அறுபதாயிரம் தர்றேன். ஒண்ணு கொறஞ்சாலும் இருபதுக்கு மேல ஏறாது."

எண்ண வேண்டிய தேவை எனக்கு இல்லை. ஆயினும் எண்ணினேன். பதினாறாம் படத்துக்கும் பதினெட்டாம் படத்துக்கும் நடுவே, தையலை ஒட்டி ஒரு விரற்கடை அகலத்தில் வெட்டுண்ட தாளின் விளிம்பு நின்றது. பிளேடால் நேர்கோடாக, பொறுமையாக வெட்டப்பட்ட விளிம்பு.

"அந்தப் பதினேழாவதா? அத எம்மகன் பிரிட்டோ வெட்டிட்டான்ல சார்! மறந்துட்டீங்களா?" என்றார் லூர்தம்மாள். "பத்து வயசு. பள்ளிக்கூட ஆல்பத்துல ஒட்டுறேன்னு கண்டதையெல்லாம் வெட்டிக்கிட்டுத் திரிஞ்சான். அவுக பெல்ட்ட உருவுனப்ப நீங்கதான ஓடியாந்து கையப் பிடிச்சீங்க? 'சின்னப்பிள்ள, தெரியாமச் செஞ்சுட்டான், விட்டுருங்க'ன்னு கெஞ்சுனீங்களே. நீங்க வரலேன்னா அன்னைக்கு அம்புட்டுத்தான்."

"யோசிச்சுச் சொல்றேன்மா," என்றேன். அவர் நூலை என்னிடமே விட்டுப் போனார். என்னை அவ்வளவு நம்பினார்.

பதினேழாம் படம் என் பூசையறையின் கிழக்குச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அகரம் என்னும் ஊருக்கு அப்பால், வயல் நடுவே இருந்து, பின்னர் இடிந்து மண்ணோடு மண்ணாகிப்போன ஒரு சிறு கோயிலின் அம்மை அவள். இடக்கால் மடித்து, வலக்கால் சிலம்போடு தொங்கவிட்டு, கேட்பார்க்கு இல்லையென்னாத கையைக் காட்டி அமர்ந்திருப்பாள். முப்பது ஆண்டுகளுக்கு முன், சமவெளிக் கோயில்களைப் பற்றிய கட்டுரை ஒன்றுக்காக அந்த நூலை ஒரு மாதம் இரவல் வாங்கினேன். படத்தைக் கண்ட நாளே அவள்மீது பத்துப் பாடல் கட்டினேன். திருப்பித் தரும் நாள் நெருங்கியதும் மனம் ஒப்பவில்லை. சிலுவை தொங்கும் வீட்டில், பூட்டிய பீரோவுக்குள், விளக்கும் மலரும் இன்றி அம்மை கிடப்பதா என்று எண்ணினேன். அந்த எண்ணத்துக்குப் பக்தி என்று பெயர் சூட்டினேன். குளித்து, நீறணிந்து, பிளேடை எடுத்தேன்.

ஓராண்டுக்குப் பிறகுதான் கிளெமென்ட் குறையைக் கண்டார். சுவருக்கு அப்பாலிருந்து பிள்ளையின் அலறல் கேட்டது. "நான் இல்லப்பா, சத்தியமா நான் இல்ல." ஓடினேன், அடித்த கையைப் பிடித்தேன், உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். வந்தது வேறு. தெரியாமல் செய்துவிட்டான் என்று நான் சொன்ன அந்த நொடியில், அடியை நிறுத்தினேன், பழியை நிலைநாட்டினேன். அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளை என்னை ஏறிட்டுப் பார்த்தான். கிளெமென்ட் அன்று மாலை என் வீட்டுக்கு வந்து நன்றி சொன்னார். வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினேன். அதன்பின் அவரை உள்ளே அழைத்ததே இல்லை.

மறுநாள் காலை விளக்கேற்றி, வழக்கம்போல் பாடத் தொடங்கினேன். இரண்டாம் அடிக்குமேல் நா எழவில்லை. இத்தனை ஆண்டுகள் அவள் கேட்டது என் பாட்டை அன்று, சுவருக்கு அப்பாலிருந்து வந்த அந்தக் குரலை என்று தோன்றியது. படத்தைக் கழற்றி எடுத்தேன். சுவரில் வெளிறிய ஒரு கட்டம் மிஞ்சியது.

அடுத்த வீட்டு வாசலில் குட்டியானை வண்டி நின்றது. பிரிட்டோ கட்டிலைப் பிரித்து ஏற்றிக்கொண்டிருந்தான். நாற்பதை நெருங்கும் ஆள், காதோரம் நரைத்திருந்தது.

"வாங்க சார். எங்கம்மா புஸ்தகத்த வச்சு உங்க கழுத்த அறுத்துருச்சாக்கும்?" என்று சிரித்தான்.

நூலையும் படத்தையும் வண்டியின் பலகைமேல் வைத்தேன். சட்டத்துக்குப் பொருந்த வேண்டி நாற்புறமும் நறுக்கி, அட்டையில் ஒட்டி, முப்பதாண்டுக் கற்பூரப் புகையில் பழுப்பேறிய தாள்; இனி அது நூலோடு சேராது. கண்ணாடியில் குங்குமத் தடம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். லூர்தம்மாள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிரிட்டோ படத்தை நெடுநேரம் பார்த்தான்.

"அன்னைக்கு எங்கப்பா கையப் பிடிச்சீங்களே. அப்ப இது எங்க இருந்துச்சு?"

"என் பூசையறையில."

"நான் கூட, வேற யாரும் நம்மள நம்பாட்டியும் சாருக்கு மட்டும் நான் வெட்டலன்னு தெரியும்போலன்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் இருந்திருக்கு." அவன் குரல் உயரவில்லை. "எங்கப்பா சாகுற வரைக்கும் விடல சார். 'வெட்டுனது வெட்டுன, ஒத்துக்கிறலாம்லடா'ம்பாரு. ஆஸ்பத்திரியில கடைசி நாள் 'நான்தாம்ப்பா வெட்டுனேன்'னுட்டேன். அப்பத்தான் என் கையப் பிடிச்சாரு."

விலையில் குறையும் நாற்பதாயிரத்தை நான் தந்துவிடுகிறேன் என்று லூர்தம்மாளிடம் சொன்னேன். சொன்ன கணமே நாணினேன்.

"கல்லுக்கு உங்க காசு வேணாம் சார்," என்றார் அவர். "இருவதுக்கே குடுத்துருங்க. சின்னக் கல்லா போட்டுக்கிறேன்."

பிரிட்டோ வண்டியின் முன்கதவைத் திறந்தான். "ஏறுங்க சார். எங்கம்மாகிட்டச் சொல்லிட்டீங்க, எங்கிட்டச் சொல்லிட்டீங்க. கேக்க வேண்டியவரு ஒருத்தரு பாக்கி."

கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசையில் அந்த மரச்சிலுவை நின்றது. மழையில் பெயர் பாதி அழிந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்முன் நின்றேன். நான் பாடினால் கோயில் மண்டபத்தின் கடைசித் தூண்வரை கேட்கும் என்பார்கள். அங்கே என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க," என்றான் பிரிட்டோ. "கடைசிக் காலத்துல அவருக்குக் காது மந்தம்."

"கிளெமென்ட், படத்தை வெட்டுனது நான். உங்க பிள்ளை இல்ல. அன்னைக்கு அவன் அழுதுகிட்டுச் சொன்னதுதான் உண்மை."

நாலைந்து கல்லறை தள்ளிப் பூ வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். பிரிட்டோ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவன் கேட்காமலே மீண்டும் ஒருமுறை, அந்தப் பெண்ணுக்கும் கேட்கும்படி சொன்னேன்.