பழனியாண்டியின் முறை

தம்பியைக் குளிப்பாட்ட வீரம்மா மலைத்தண்ணீர் விழும் பீலியில் மூன்றாவது குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கீழே ரோட்டில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். அதில் ஒருத்தி பெண். சப்பாத்துகள் சேற்றில் வழுக்க, ஒரு மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் லயத்துக்கு ஏறி வந்தார்கள்.

"யுனிவசிட்டி ஆளுங்க போல," என்றார் தாய்மாமன் நல்லமுத்து. "தந்தி கெடச்சிருக்கு."

அந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம்வரை போனவன் அவள் தம்பி பழனியாண்டி ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு கொழுந்தெடுத்து அவனைப் படிக்க வைத்தவள் வீரம்மா. போன ஞாயிறு காய்ச்சலோடு வட்டவளையில் ரயிலைவிட்டு இறங்கினான். நெஞ்செல்லாம் சளி. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். நேற்று விடியற்காலை மூச்சு நின்றுபோனது.

மலர்வளையத்தில் 'வாசிப்பு வட்டம்' என்று எழுதியிருந்ததை வீரம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். லீவுக்கு வரும்போதெல்லாம் அவன் அதைப் பற்றித்தான் பேசுவான். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் படிக்கச் செய்வதாகவும், படித்ததைப் பற்றி வாரம் ஒருவர் பேசுவதாகவும் சொல்வான். "நீ பேசுவியா?" என்று கேட்டால், "என் மொறை வரும்க்கா," என்பான்.

"எவ்வளவோ செய்தவர் அக்கா," என்றான் உயரமாக இருந்தவன். சிவராசா என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பையன். "ஆர் எந்தப் புத்தகம் வாசிக்கிறது, ஆர் பேசுறது எண்டு எல்லாம் அவர்தான் ஒழுங்கு செய்யிறவர். போன சனிக்கிழமைகூடக் காய்ச்சலோட வந்து, ஆக்கள் இருக்கத் தனிய நாற்பது கதிரை அடுக்கினவர்."

பெருமையாகத்தான் சொன்னான்.

"காய்ச்சல்னு ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

"ஓம். நடுங்கிக்கொண்டு நிண்டவர்."

"பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

யோகராணி என்ற அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள்.

சிறிது நேரம் கழித்து சிவராசா தயங்கியபடி அருகில் வந்தான். "அக்கா, வட்டத்து விபரமெல்லாம் எழுதுற அவற்ற கொப்பி ஒண்டு... நாளைக்குக் கூட்டம் இருக்கு. அது இல்லாட்டில் ஒண்டும் செய்யேலாது."

வீரம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தகரப் பெட்டியைத் திறந்து கொப்பியை எடுத்தாள். கொடுக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"பேசுன ஆளுங்க பேரெல்லாம் இருக்கு. தம்பி பேரு எங்கங்க?"

அவன் பக்கத்தின் அடியைத் தொட்டுக் காட்டினான். "இஞ்ச. அமைப்பாளர் எண்டு."

"அது இல்லீங்க. பேசுனதுல."

"அவர் கேக்கேல்லை அக்கா."

"கேட்டவர்," என்றாள் யோகராணி மெதுவாக. "ரெண்டு தரம் கேட்டவர். நாங்கள்தான் பிறகு பாப்பம் எண்டு தள்ளினது."

வீரம்மாவின் கை பக்கத்தின்மேல் அப்படியே நின்றது. போன லீவில் ஒருநாள் தம்பி அடுப்பருகே உட்கார்ந்து, எழுதிவைத்திருந்த எதையோ படித்துக் காட்ட ஆரம்பித்தான். மலையிலிருந்து வந்த களைப்பில் அவள், "பெறகு படிடா," என்று சொல்லிவிட்டாள். அவன் மடித்து வைத்துவிட்டான்.

கொப்பியை நீட்டினாள். சிவராசா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

தம்பியைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தியபோது தூறல் தொடங்கியிருந்தது. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஆண்களுக்கு அரைநாள்தான் லீவு விட்டிருந்தார். பாடையைத் தூக்க ஆட்கள் குனிந்தபோது சிவராசா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றான். நல்ல தமிழ். குரலும் நன்றாக இருந்தது. தாளின் மறுபக்கத்தைத் திருப்பினான். தூக்க வந்தவர்கள் மழையில் நின்றார்கள். தம்பியின் நெற்றித் திருநீறு கரைந்து கண்ணோரம் வழிந்தது.

"தூக்குங்க மாமா," என்றாள் வீரம்மா.

நல்லமுத்து சிவராசாவைப் பார்த்தார். பிறகு குனிந்தார். பாடை எழுந்தது. சிவராசா தாளை மடிக்க மறந்து பின்னால் நடந்தான்.

பெண்கள் லயத்துக் கோடியோடு நின்றுவிட்டார்கள். யோகராணியும் நின்றாள். வீரம்மா உள்ளே போய் வீட்டைக் கழுவ வாளியை எடுத்தபோது யோகராணி வாசலுக்கு வந்து, "அக்கா, நான் என்ன செய்ய?" என்று கேட்டாள்.

வீரம்மா வாளியை அவள் பக்கம் தள்ளினாள்.

யோகராணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரை ஊற்றினாள். வீரம்மா விளக்குமாற்றால் தள்ளினாள். கலங்கிய தண்ணீர் படியில் இறங்கி, லயத்தோரச் சாக்கடைக் கானுக்குள் ஓடியது.

"இன்னொரு வாளி கொண்டாங்க," என்றாள் வீரம்மா, நிமிராமல்.