லல்லா பதீஆவின் ஆல்பம்

மூன்று கிலோ பாதாம் பிறைப் பலகாரம், ஒரு கிலோ தேனில் ஊறிய ஷபாக்கியா. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வேண்டும் என்று கேட்டிருந்தாள், 'ரயானின் அம்மா' என்ற பெயரில் எழுதிய ஒருத்தி. நிச்சயதார்த்தமாம். மெக்னெஸ் நகரத்துப் பெண்கள் வீட்டுப் பலகாரம் விற்கும் முகநூல் குழுவில் துரியா போட்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தாள். "லல்லா துரியா, உங்க கையால செஞ்சதுதான் வேணும்னு என் நாத்தனார் ஒத்தைக்கால்ல நிக்கிறா. ஹம்ரியாவுல அஞ்சல் ஆபீஸுக்கு எதிர்ல இருக்கிற காபிக் கடைக்குக் கொண்டு வந்துடுங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்" என்று, மரியாதைக்கு 'லல்லா' போட்டு, கெஞ்சலும் கொஞ்சலுமாக இருந்தது எழுத்து.

துரியா இரண்டு நாள் பாதாம் அரைத்தாள். ஆரஞ்சுப் பூ நீரை மட்டும் கடையில் வாங்காமல், நல்லதாக இருக்கட்டும் என்று பெரியம்மா வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்தாள். பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் போய் இறங்கினாள்.

காபிக் கடையில் ஒரு பெண் எழுந்து கையசைத்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பழுப்புக் கோட்டு, தலையில் முக்காடில்லை. பக்கத்து மேசையில் இரண்டு ஆண்கள் புதினா டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் பெட்டியைத் திறந்து ஒரு பிறையை எடுத்துப் பாதி கடித்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள். பொய் இல்லை, முகத்தில் தெரிந்தது. "படமெல்லாம் இந்தப் போன்லதான் எடுக்கறீங்களா? எவ்வளவு தெளிவா விழுது! காட்டுங்க பார்ப்போம்."

துரியா பெருமையாக நீட்டினாள். வாங்கியவள் அதைத் திருப்பித் தரவில்லை. தன் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். இன்ஸ்பெக்டர் வஃபா, குற்றப் புலனாய்வு. பக்கத்து மேசைக்காரர்கள் இருவரும் எழுந்து நின்றார்கள்.

"சத்தம் போடாதீங்க லல்லா. நடந்து வாங்க, பெட்டிய இவர் தூக்கிட்டு வருவார்."

நிலையத்தில் அவளை உட்காரவைத்த அறையில் ஜன்னல் இருந்தது. ஆனால் அதை ஒட்டி அலமாரி போட்டு அடைத்திருந்தார்கள். மேலே ஒரு விரற்கடை வெளிச்சம் மட்டும் வந்தது. பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் வெளியே வந்து நிற்பார்கள் என்று துரியா சொன்னாள். அதையே மூன்று முறை சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் இத்ரீஸுக்குச் சொல்லியாச்சு. அவர் கூட்டிட்டுப் போவார்" என்றாள் வஃபா.

கணவன் பெயர் இவளுக்கு எப்படித் தெரியும்?

வஃபா விஷயத்தைச் சுற்றி வளைக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன், ஓய்வு பெற்ற நர்ஸ் பதீஆ என்கிற அம்மாள் மருந்து வாங்கிக்கொண்டு வரும்போது மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் பையைப் பறித்தான். பையின் வார் அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. நடைபாதைப் படிகளில் இழுபட்டு விழுந்தாள். பையில் போன் இருந்தது. எண் போட்டுப் பூட்டினால் மறந்துவிடுகிறது என்று பூட்டாமலே வைத்திருந்தாளாம். திருடியவன் சிம்மைக் கழற்றி எறிந்தான், படங்களை அழித்தான். அந்த அம்மாளின் கணக்கை மட்டும் நீக்காமல் விட்டுவிட்டான்.

"அதனால இந்தப் போன்ல யார் படம் எடுத்தாலும், அது அந்தம்மாவோட இணைய ஆல்பத்துக்குத் தானா போயிடும். அவங்க மக ராபாத்துல இருக்கா. ஒரு நாள் அம்மாவோட ஆல்பத்தத் தொறந்து பாத்தா, தட்டுத் தட்டாப் பலகாரம்!"

இருப்பிடம் காட்டும் வசதி அணைந்திருந்ததால் எங்கே எடுத்த படம் என்று தெரியவில்லை. ஆனால் தட்டு தெரிந்தது. நீலப் பூ போட்ட, ஓரம் சில்லு பெயர்ந்த தட்டு. வஃபாவும் இன்னொரு போலீஸ்காரரும் ஊரிலுள்ள சமையல் குழுக்களில் எல்லாம் சேர்ந்து, நான்கு நாள் பலகாரப் படங்களாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் அதே தட்டு, அதே படம், கீழே துரியாவின் பெயரும் எண்ணும்.

"பதினோரு நாளா உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கேன் லல்லா. சின்னப் பொண்ணுக்கு முன்பல் விழுந்தது எனக்குத் தெரியும். பெரியவ கணக்குல வாங்கின மார்க்கு தெரியும். போன வியாழக்கிழமை கண்ணாடி முன்னால நின்னு பச்சை உடுப்பு போட்டுப் பாத்தீங்களே, அதுவும் தெரியும்."

துரியா மேலங்கியை இழுத்து மூடிக்கொண்டாள். அந்தப் படத்தை அவள் இத்ரீஸுக்குக்கூடக் காட்டியதில்லை.

"போன் யார் குடுத்தா?"

"சந்தையில வாங்கினேன்."

"எந்தச் சந்தை?"

அவள் ஒரு பெயர் சொன்னாள். அந்தச் சந்தை எந்தக் கிழமை கூடும், எந்த வாரம் வாங்கியது என்றாள் வஃபா. சொன்னாள். படங்கள் வர ஆரம்பித்தது அதற்கு இரண்டு நாள் முன்பே என்றாள் வஃபா. எந்தக் கதவைத் தட்டினாலும் அதன் பின்னால் இந்தப் பெண் முன்பே நின்றுகொண்டிருந்தாள்.

"உங்க தம்பி ஜுஹைர். ஓட்டல் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கற வேலை. நீல மோட்டார் சைக்கிள்" என்றாள் வஃபா. "கேமராவுல வண்டியோட பின்பக்கம் மட்டும் பதிவாகியிருக்கு, நம்பர் விழல. எனக்கு அவன் இங்க வரணும். கூப்பிடுங்க. பெட்டி கனமா இருக்கு, காபிக் கடைக்கு வந்து தூக்கிட்டுப் போன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். சொன்னா, திருட்டுப் பொருள வச்சிருந்த கேஸ்ல உங்களுக்காக நான் பேசறேன். சொல்லலேன்னா..."

தாய் இறந்தபோது ஜுஹைருக்கு ஒன்பது வயது. துரியாவுக்குப் பத்தொன்பது. அவளுக்குப் பெண் கேட்டு வந்தவர்களிடம், தம்பியும் கூட வருவான், சம்மதமென்றால் பேசலாம் என்று சொன்னவள் அவள். இத்ரீஸ் ஒருவன்தான் சரி என்றான்.

வஃபாவின் மேசைப் போனில் அழைத்தார்கள். எல்லோரும் கேட்கும்படி வைத்தார்கள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"யாரு?"

"நான்தான்டா."

"அக்காவா! யார் போன்லேந்து பேசறே? நிச்சயதார்த்தக்காரங்க பலகாரத்த வாங்கிட்டாங்களா, இல்ல நான் வந்து திங்கணுமா?"

பின்னால் வண்டிகளின் சத்தம் கேட்டது. வஃபா ஒரு காகிதத்தை அவள் முன் தள்ளினாள். சொல்ல வேண்டியது அதில் எழுதியிருந்தது. துரியா அதைப் பார்த்தாள். வாய் திறந்தபோது வேறொன்று வந்தது.

"ஜுஹைர், நான் போலீஸ்ல இருக்கேன். நீயா வந்துடு..."

வஃபாவின் கை பாய்ந்து இணைப்பைத் துண்டித்தது. ஓரமாக நின்ற போலீஸ்காரர் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். மறுபடி அழைத்தபோது ஜுஹைரின் போன் அணைந்திருந்தது.

வஃபா கத்தவில்லை. கணினியின் திரையைத் துரியாவின் பக்கம் திருப்பினாள்.

"இது பதீஆ அம்மாவோட ஆல்பம். பாருங்க."

தேன் மின்னும் ஷபாக்கியா. முன்பல் விழுந்த பெண். பாதாம் பிறை, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அதற்கு அடுத்து, கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று. துரியா குனிந்து பார்த்தாள். எக்ஸ்ரே. இடுப்பெலும்பு இரண்டாக விலகி நின்றது, நடுவில் ஆணிகள். மருத்துவருக்கு அனுப்ப மகள் எடுத்த படமாம். அம்மாவின் கணக்கைத் தன் போனிலும் போட்டிருந்ததால் அதுவும் அதே ஆல்பத்துக்குத்தான் வந்திருந்தது. அடுத்து மறுபடியும் பலகாரம். அடுத்து, கட்டிலில் ஒரு கிழவி, சிரிக்க முயன்று முடியாமல். அடுத்து, பச்சை உடுப்பில் துரியா.

"இதெல்லாம் எதுக்குக் காட்டறீங்க?" என்றாள் துரியா.

"நீங்க எடுத்த படங்களுக்கு நடுவுலதான் அந்தம்மா இருக்காங்க, அதனாலதான்."

சாயங்காலம் அரசு வழக்கறிஞர் முன் நிறுத்தினார்கள். கூப்பிடும்போது வர வேண்டும், ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். போனை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு அந்த அறையிலிருந்து வெளியே வந்த மாதிரி இல்லை. ஜுஹைரின் படுக்கை மடித்தபடி இருந்தது. அவனுடைய நண்பர்களில் யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்பதை யார் பார்ப்பார்கள், யார் கேட்பார்கள் என்று தெரியவில்லை. இத்ரீஸின் போன் மேசைமேல் கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அதன்மேல் ஒரு துணியைப் போட்டாள். தெரிந்தவர்களின் வீட்டுக்கு நடந்து போகலாம் என்று செருப்பை மாட்டினாள்; தெருமுனையில் ஒரு கார் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அது பக்கத்து வீட்டுக்காரனின் மைத்துனன் கார் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் இத்ரீஸ் சாப்பிட வந்தவன், போனை அவள் முன் நீட்டினான். பழைய வண்டிகள் விற்கும் பக்கம். நீல மோட்டார் சைக்கிள், சாப்பாட்டுப் பெட்டியைக் கழற்றிய அடையாளத்தோடு. விற்பவன் பெயர் வேறாக இருந்தது. ஆனால் கைப்பிடியில் சுற்றியிருந்த சிவப்புத் துணி துரியா கிழித்துக் கொடுத்தது.

"பைத்தியக்காரப் பய. வித்துட்டு வடக்க ஓடப் பாக்கறான்" என்றான் இத்ரீஸ்.

படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "தம்பி, எனக்கு இன்னைக்கே வேணும். நாலு மணிக்குப் பேருந்து நிலையத்துப் பக்கம் வர்றேன், கையில காசோட." அதற்கு ஜுஹைர், "சரி, வந்துடுங்க" என்று பதில் போட்டிருந்தான். எழுதியவருக்கு முகம் இல்லை. கணக்கில் ஒரு ரோஜாப்பூ படம் மட்டும் இருந்தது. அது யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மணி இரண்டே முக்கால்.

போனை வாங்கினாள். "போகாதே" என்று எழுதினாள். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது.

"அனுப்பு, உன் தம்பி, நான் தடுக்கல" என்றான் இத்ரீஸ். "ஆனா அனுப்பினது என் போன்லேந்துன்னு அவங்களுக்குத் தெரியறதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது. அப்புறம் புள்ளைங்கள யார் பள்ளிக்கூடத்துலேந்து கூட்டிட்டு வருவா?"

அவள் பொத்தானை அழுத்தவில்லை. போலீஸுக்குப் பயந்து அல்ல. அல்லது அது மட்டுமல்ல. இப்போது அனுப்பினால் அவன் போய்விடுவான். வேறு ஊர், வேறு வண்டி, வேறொரு கிழவியின் மணிக்கட்டு. அனுப்பாவிட்டால், ஒன்பது வயதில் தன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவனைத் தானே பிடித்துக் கொடுத்த மாதிரி. இரண்டு பக்கமும் சுவர். நடுவில் ஒரு சொல்.

ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். போனை இத்ரீஸிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். நாலு மணி தொழுகை அழைப்பு கேட்கும்வரை குழாயை மூடவில்லை.

நாலே காலுக்கு அவனைப் பிடித்துவிட்டார்கள். அவன் ஓடக்கூட இல்லையாம்.

பதினைந்து நாள் கழித்து சிறையில் பார்க்க அனுமதி கிடைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஜுஹைர் மெலிந்திருந்தான். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டான். இத்ரீஸ் கோபமா என்று கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"விளம்பரத்த நீ பாத்தியா அக்கா?"

"பாத்தேன்."

"கீழ கேட்டது போலீஸ்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே."

"எழுதினேன். அழிச்சிட்டேன்."

அவன் மேசையை நகத்தால் கீறினான். "பைய மட்டும்தான் இழுத்தேன். வார் கையில சுத்தியிருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? போன விக்கத்தான் இருந்தேன். உன் பழைய போன்ல படம் மங்கலா விழுதுன்னு புலம்பிட்டே இருந்தே. அதான் உனக்குக் குடுத்தேன். வித்திருந்தா இங்க இருக்க மாட்டேன்."

துரியாவுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அந்தம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டான், அவளைப் பார்க்காமல்.

"போனேன். மக கதவத் தொறக்கல. நடக்கறாங்களாம், தாங்கிப் பிடிச்சா. பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

அவன் தலையை ஆட்டினான். காவலர் நேரமாகிவிட்டது என்று தட்டினார். ஜுஹைர் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"அடுத்த வாரம் வருவியா?"

"வருவேன்" என்றாள். அவன் அந்தப் பக்கத்துக் கதவுக்குள் போய், பூட்டு விழுந்த பிறகும், காவலர் இரண்டாம் முறை சொல்லும்வரை அவள் நாற்காலியிலேயே இருந்தாள்.