மாரிச்சாமி டாக்டரின் கைராசி

ஹபீபுன்னிசா மெட்ராஸில் மூளை அறுவைச் சிகிச்சை படித்தபோது, வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். படிப்பை முடித்து வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் மரியாதையாக உட்காரவைத்து, பிரசவம் பார்ப்பீர்களா என்று கேட்டார்கள். கடைசியில், 1974இல், குன்னூருக்கு அப்பால் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் 'லேடி டாக்டர்' வேலை கிடைத்தது. மண்டையைத் திறக்கக் கற்றவர் தொப்புள்கொடி வெட்டினார். நன்றாகவே வெட்டினார். துளைபோடும் கருவிகள் பீரோவில் இருந்தன. மாதம் ஒருமுறை எடுத்துத் துடைப்பார்.

அங்கே பெரிய டாக்டர் மாரிச்சாமி. காய்ச்சல், வயிற்றுப்போக்குக்குக் கெட்டிக்காரர். ரத்தம் மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

ஐப்பசி மழையில் ஒரு காலை, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மூக்கம்மாவின் தலையில் மரக்கிளை முறிந்து விழுந்தது. எழுந்து உட்கார்ந்து டீ குடித்தாள். "ஒண்ணுமில்லீங்க" என்றாள். பதினோரு மணிக்குப் பேச்சு குழறியது. தூக்கி வந்தபோது நினைவில்லை. இடது கண்மணி விரிந்து கிடந்தது.

"உள்ளே ரத்தம் கட்டி மூளையை அழுத்துது" என்றார் ஹபீபுன்னிசா.

"கோயமுத்தூருக்கு அனுப்பிரலாம் மேடம்" என்றார் மாரிச்சாமி.

"பர்லியாறுல மண் சரிஞ்சு ரோடு அடைச்சிருக்கு. சுத்திப் போற வரைக்கும் இவ தாங்க மாட்டா. நானே பண்றேன்."

மூக்கம்மாவின் புருசன் சங்கிலி கும்பிட்டான். "ஏனுங்க டாக்டரம்மா, உங்களைக் குறை சொல்லலீங்க. எங்க கொழந்தையே உங்க கையிலதான் பொறந்துச்சு. ஆனா இது தலையாச்சுங்களே. பெரிய டாக்டர் பண்ணட்டுங்க."

வாதாட நேரமில்லை. "அவரும் உள்ளே இருப்பாருங்க" என்றார் ஹபீபுன்னிசா.

இருந்தார். தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு டார்ச் பிடித்தார். கருவி எலும்பில் இறங்கத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். கறுத்த ரத்தக்கட்டி வெளியே வந்தபோது சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் யூனிஸ் டார்ச்சை வாங்கிக்கொண்டாள். ஹபீபுன்னிசா திரும்பவில்லை. துளையை அகலமாக்கி, கசிந்த ரத்தக்குழாயை அடைத்தார். கொஞ்ச நேரத்தில் கண்மணி சுருங்கியது. தையல் போட்டு முடித்தார். அன்று மத்தியானம் இரண்டு ஆள் சோறு சாப்பிட்டார்.

வேர்த்து வெளுத்து வெளியே வந்த மாரிச்சாமியின் காலில் சங்கிலி விழுந்தான்.

"அட, நான் ஒண்ணுமே செய்யலப்பா! எல்லாம் அந்தம்மாதான்!"

"எவ்வளவு பெரிய மனசு பாருங்க" என்று தொழிலாளர்களின் லைன் வீடுகள் முழுக்கச் சொன்னார்கள்.

அவர் மறுக்க மறுக்கப் புகழ் ஏறியது. பத்தாம் நாள் மூக்கம்மா நடந்தே வீட்டுக்குப் போனாள். மாரிச்சாமி நேர்மையானவர், நடந்ததை இரண்டு பக்கம் கம்பெனிக்கு எழுதினார். லேடி டாக்டரை இத்தனை திறமையாகப் பழக்கியதற்கு அவரைப் பாராட்டிப் பதில் வந்தது.

"எனக்கே வெக்கமா இருக்கு மேடம்" என்றார்.

"வெக்கம் இருக்கட்டும். ஆபரேசன் தியேட்டர் வேணும்னு நீங்க எழுதுங்க. நீங்க கேட்டா குடுப்பாங்க."

கேட்டார். கொடுத்தார்கள். வாசலில் மாரிச்சாமியின் பெயரைப் பொறித்தார்கள்.

தேவாலாவிலிருந்தும் நெல்லியாளத்திலிருந்தும் தலைக்காயக்காரர்கள் மாரிச்சாமி டாக்டரைத் தேடி வந்தார்கள். பேச முடிந்தவர்கள் மேசையில் படுத்துக்கொண்டே கேட்பார்கள்: "டாக்டர் எப்ப வருவாருங்க?"

"வந்தாச்சு, கண்ணை மூடுங்க" என்பார் ஹபீபுன்னிசா.

ஒன்பது வருடம் அந்த அறையில் அவர் மண்டைகளைத் திறந்தார். மாரிச்சாமி ஒருநாளும் உள்ளே வரவில்லை.